உழைத்த ஆண்டுகள் எந்தக் கணக்கில்? தனியாரிலிருந்து அரசுப் பணிக்கு வருவோரின் ஊதிய விதிகள்

கடலூர் மாவட்டத்துப் பெண்ணாடத்தை நடுவில் வைத்து ஐம்பது கிலோமீட்டர் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டால், தமிழ்நாட்டின் வேலைச் சந்தை முழுவதும் அதற்குள் வந்துவிடும். வடகிழக்கே விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்பேட்டையும் பீங்கான் தொழில்நுட்பத்துக்கென்றே ஓர் அரசுப் பயிலகமும் இருக்கின்றன. வெள்ளாற்றைக் கடந்தால் அரியலூர் மாவட்டத்துச் சிமென்ட் ஆலைகள். பக்கத்து இறையூரில் நிதி நெருக்கடியில் சிக்கி அரவை நின்றுபோன சர்க்கரை ஆலை. கிழக்கே நெய்வேலி. இவற்றுக்கு நடுவே தனியார் பள்ளிகள், சுயநிதிக் கல்லூரிகள், நிதி நிறுவனக் கிளைகள், வாகனப் பணிமனைகள். இந்த இடங்களில் ஐந்தாண்டு, பத்தாண்டு வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து, ஞாயிற்றுக்கிழமை பயிற்சி வகுப்புக்குப் போய், அரசுத் தேர்வு எழுதுபவர்கள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. 2022ஆம் ஆண்டின் குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவிக்கப்பட்ட 7,301 இடங்களுக்கு மாநிலம் முழுவதும் சுமார் 22 லட்சம் பேர் விண்ணப்பித்தார்கள். அவர்களில் கணிசமானவர்கள் ஏற்கெனவே ஏதோ ஒரு தனியார் வேலையில் இருந்தவர்கள் என்பது தேர்வு மையத்து வாசலில் நின்றவர்களுக்குத் தெரியும்.

இப்படி ஒருவர் தேர்வாகி அரசுப் பணியில் சேரும் நாளில், அவர் முன்பு உழைத்த ஆண்டுகளுக்கு என்ன ஆகிறது? ஊதிய நிர்ணயத்தில் அவற்றுக்கு மதிப்பு உண்டா? பி.எஃப்., பணிக்கொடை, ஓய்வூதியம் ஆகியவை என்னவாகும்? இந்தக் கேள்விகளுக்கு ஒன்றிய அரசின் விதிகள், தமிழ்நாட்டின் விதிகள், நீதிமன்றத் தீர்ப்புகள், பிற நாட்டு நடைமுறைகள் என்னென்ன பதில் தருகின்றன என்பதை இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது. விதிகளை ஒன்றாக அடுக்கிப் பார்க்கும்போது ஒரு முரண்பாடு துலங்குகிறது. இந்திய அரசுகள் தனியார் உழைப்பை மதிக்கவே மாட்டோம் என்று என்றும் சொன்னதில்லை. நிறுவனமாகத் திரண்டு வந்தவர்களின் உழைப்பை மதித்திருக்கின்றன. தனி ஆளாகத் தேர்வெழுதி வந்தவர்களின் உழைப்பைத்தான் கணக்கில் சேர்க்க மறுக்கின்றன.

முதல் கட்டத்தில் தொடங்கும் ஊதியம்

அரசு ஊழியர் ஊதியத்தின் அடித்தளம் 1922 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கும் அடிப்படை விதிகள். தமிழ்நாடும் அவற்றையே தனக்கேற்பத் திருத்தி வைத்துக்கொண்டிருக்கிறது. ஏற்கெனவே அரசுப் பணியில் இருப்பவர் இன்னொரு அரசுப் பதவிக்குப் போனால், அடிப்படை விதி 22 அவரைக் காக்கிறது. கிராம நிர்வாக அலுவலராக இருந்தவர் குரூப் 2 தேர்வில் வென்று வேறு துறைக்குப் போனால், முன்பு வாங்கிய ஊதியத்துக்குக் குறையாமல் புதிய பதவியில் நிர்ணயம் செய்யப்படும். முறையான வழியில் விண்ணப்பித்துவிட்டுப் போகும் ஒன்றிய அரசு ஊழியரின் விலகலுக்குத் ‘தொழில்நுட்ப ராஜினாமா’ என்று பெயர். அவருக்கு முந்தைய பணிக்காலம் அற்றுப்போகாது. விடுப்புக் கணக்கு கூடவே வரும். பழைய பதவிமீதான பிடிப்புரிமையும் பொதுவாக இரண்டு ஆண்டு நீடிக்கும். புதிய இடம் ஒத்துவராவிட்டால் திரும்பிப் போகலாம்.

தனியாரிலிருந்து வருபவருக்கு இவற்றில் ஒன்றும் இல்லை. அவருடைய ஊதியம் அந்தப் பதவிக்குரிய நிலையின் முதல் கட்டத்தில் நிர்ணயிக்கப்படும். 2017 அக்டோபர் 11 அன்று வெளியான நிதித்துறை அரசாணை 303 வழியாகத் தமிழ்நாடு திருத்திய ஊதிய விதிகள் நடைமுறைக்கு வந்தன. அதில் 32 நிலைகள் கொண்ட ஊதிய அட்டவணை இருக்கிறது. இளநிலை உதவியாளருக்கு நிலை 8. தொடக்க அடிப்படை ஊதியம் 19,500 ரூபாய். நேற்றுப் பட்டம் வாங்கிய இருபத்திரண்டு வயதுக்காரருக்கும் 19,500. டைல்ஸ் ஆலையில் பத்தாண்டு கணக்கெழுதிவிட்டு வந்த முப்பத்தைந்து வயதுக்காரருக்கும் 19,500.

இந்த விஷயம் தமிழ்நாட்டில் கூடுதல் கனம் பெறுவதற்கு ஒரு காரணம் உண்டு. இங்கே பல தேர்வுகளில், குறைந்தபட்சக் கல்வித் தகுதிக்கு மேல் படித்த பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர், பிற்படுத்தப்பட்டோர் ஆகியோருக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. பொதுப்பிரிவினருக்கான வரம்பும் 2021இல் 30இலிருந்து 32 ஆக உயர்த்தப்பட்டது. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்குக் கதவைத் திறந்து வைத்த நல்ல ஏற்பாடு இது. இதன் விளைவாக நாற்பது வயதிலும் ஒருவர் புதிதாக அரசுப் பணியில் சேர்கிறார். ஓய்வு பெறும் வயது 60. இருபதே ஆண்டுகள் கையில் இருக்கும்போது முதல் கட்டத்திலிருந்து ஏறத் தொடங்குபவர், அட்டவணையின் நடுப்பகுதியைத் தொடும் முன்பே ஓய்வு பெற்றுவிடுவார். கதவைத் திறந்துவிட்ட அரசு, உள்ளே வந்தவர் கடந்த இருபதாண்டு என்ன செய்தார் என்று கேட்கவில்லை.

பொதுத்துறைக்கு ஒரு நியாயம்

வெளியிலிருந்து வரும் எவருக்குமே சலுகை இல்லை என்றால், அதையாவது ஒரு கொள்கை என்று சொல்லலாம். ஆனால் ஒன்றிய அரசின் பணியாளர் துறை 1989 ஆகஸ்ட் 7 அன்று ஒரு குறிப்பாணை வெளியிட்டது. பொதுத்துறை நிறுவனங்கள், பல்கலைக்கழகங்கள், அரை அரசு நிறுவனங்கள், தன்னாட்சி அமைப்புகள் ஆகியவற்றில் பணியாற்றியவர்கள், முறையாக அமைக்கப்பட்ட தேர்வுக்குழுவின் நேர்காணல் வழியே ஒன்றிய அரசில் நேரடி நியமனம் பெற்றால், முன்பு வாங்கிய ஊதியமும் அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குப் பாதுகாப்பு உண்டு என்றது அந்த ஆணை. ஆறாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2010 மார்ச் 30 அன்றும், ஏழாவது ஊதியக் குழுவுக்குப் பின் 2017 ஜூலை 28 அன்றும் வந்த குறிப்பாணைகள் அதைப் புதிய ஊதிய முறைக்கேற்பப் புதுப்பித்தன. எழுத்துத் தேர்வு வழியே வருபவர்களுக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. தனியார் நிறுவனம் என்ற சொல் அந்தப் பட்டியலில் இல்லவே இல்லை.

இதை நம் வட்டாரத்தில் வைத்துப் பார்ப்போம். பெண்ணாடத்தில் அடுத்தடுத்த வீட்டில் இரண்டு பொறியாளர்கள். ஒருவர் நெய்வேலி என்.எல்.சி.யில் வேலை பார்க்கிறார். மற்றவர் ஆற்றுக்கு அக்கரையில் உள்ள தனியார் சிமென்ட் ஆலையில். இருவர் கையாளும் இயந்திரங்களும் ஏறக்குறைய ஒன்று, பொறுப்பும் ஒன்று, அனுபவமும் எட்டாண்டு. இருவரும் நேர்காணல் வழியே ஒன்றிய அரசின் ஒரே பதவிக்கு ஒரே நாளில் தேர்வாகிறார்கள். என்.எல்.சி.யிலிருந்து வந்தவருக்குப் பழைய ஊதியம் காக்கப்படும். சிமென்ட் ஆலையிலிருந்து வந்தவர் முதல் கட்டத்தில் உட்கார வேண்டும். திறமையில் வேறுபாடு இல்லை. முதலாளி யார் என்பதில்தான் வேறுபாடு. அரசமைப்பின் 14ஆம் உறுப்பு பேசும் சமத்துவத்தின் முன்னால் இந்தப் பாகுபாட்டுக்கு நிர்வாக வசதியைத் தவிர வேறு விளக்கம் சொல்வது கடினம்.

விதிவிலக்குக்கு ஒரு சிறு சன்னல் மட்டும் திறந்திருக்கிறது. அடிப்படை விதி 27, பதவியை உருவாக்கும் அதிகாரம் உள்ள அலுவலருக்கு, முன்கூட்டியே ஊதிய உயர்வு வழங்கும் அதிகாரத்தையும் தருகிறது. வல்லுநர் பதவிகளில் இதைப் பயன்படுத்தி முன் ஊதிய உயர்வு கொடுப்பதுண்டு. ஆனால் இது உரிமை ஆகாது; கேட்டுப் பெறும் சலுகை. இளநிலை உதவியாளரோ உதவிப் பொறியாளரோ இதை எட்டிப் பிடிக்கும் வாய்ப்பு அரிது.

ஒன்றிய அரசு தனியாரிலிருந்து உயர் அதிகாரிகளை நேரடியாக எடுத்தபோதும் அடிப்படை மாறவில்லை. 2018இல் பத்து இணைச் செயலாளர் பதவிகளுக்கு, பதினைந்தாண்டு அனுபவம் கேட்டு விளம்பரம் வந்தது. ஊதியம் நிலை 14இன்படி 1,44,200 முதல் 2,18,200 ரூபாய் வரை. 2024 ஆகஸ்டில் 45 பதவிகளுக்கு வந்த விளம்பரம், இட ஒதுக்கீடு இல்லை என்ற எதிர்ப்பால் சில நாள்களில் திரும்பப் பெறப்பட்டது. அந்த எதிர்ப்பு சரியானது. ஆனால் அந்த விவாதம் முழுவதும் உச்சியில் இருக்கும் ஒரு சில இருக்கைகளைப் பற்றியே நடந்தது. தேர்வெழுதி, இட ஒதுக்கீட்டு விதிகளுக்கு உட்பட்டு, கீழ்நிலைப் பதவிகளில் சேரும் ஆயிரக்கணக்கான தனியார் ஊழியர்களின் ஊதியம் யார் பேச்சிலும் வரவில்லை.

நிறுவனம் மாறியபோது நடந்தது

வரலாற்றைப் புரட்டினால், தனியார் பணிக்காலத்தை அரசு முழுதாக ஏற்றுக்கொண்ட தருணங்கள் பல உண்டு. 1956இல் 245 காப்பீட்டு நிறுவனங்களும் சேம அமைப்புகளும் ஒன்றாக்கப்பட்டு எல்.ஐ.சி. பிறந்தபோது, சட்டத்தின் 11ஆம் பிரிவு பழைய ஊழியர்களை அதே பணிக்காலத் தொடர்ச்சி, அதே ஊதியம், அதே நிபந்தனைகளோடு புதிய நிறுவனத்தின் ஊழியர்கள் ஆக்கியது. பின்னர் எல்லோருக்கும் ஒரே சீரான ஊதியம் அமைக்கும் அதிகாரத்தையும் அரசு வைத்துக்கொண்டது. 1969இல் இந்தியன் வங்கி, இந்தியன் ஓவர்சீஸ் வங்கி உள்ளிட்ட 14 வங்கிகள் நாட்டுடைமை ஆனபோதும் ஊழியர்கள் பழைய நிபந்தனைகளோடு தொடர்ந்தார்கள். தமிழ்நாட்டில் 1970களின் தொடக்கத்தில் பெரிய தனியார் பேருந்து நிறுவனங்கள் அரசுடைமை ஆகி, பாண்டியன், சேரன், சோழன் போக்குவரத்துக் கழகங்கள் உருவாயின. நேற்றுவரை முதலாளியின் வண்டி ஓட்டிய ஓட்டுநரும் நடத்துநரும் மறுநாள் அரசுக் கழகத்தின் தொழிலாளி ஆனார்கள்.

கடலூர் மாவட்டத்திலேயே அண்மைக் கால எடுத்துக்காட்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம். 1929இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம், 2012–13இல் கடும் நிதி நெருக்கடியில் விழுந்தது. 2013இல் அரசு நிர்வாகியை அமர்த்தி, அதே ஆண்டு தனிச் சட்டம் இயற்றி, அதைத் தன் கட்டுப்பாட்டில் கொண்டுவந்தது. தேவைக்கு மேல் ஊழியர்கள் இருந்ததால், ஆசிரியர்களும் அலுவலகப் பணியாளர்களுமாக ஆயிரக்கணக்கானோர் பின்னர் அரசுக் கல்லூரிகளுக்கும் பிற துறைகளுக்கும் பணிநிரவல் செய்யப்பட்டார்கள். ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. இந்த மாற்றத்தில் ஊதியம், பதவி உயர்வு, நிரந்தர ஈர்ப்பு பற்றி ஊழியர்களுக்கு மனக்குறைகள் எழுந்தன, போராட்டங்களும் நடந்தன. ஆனாலும் அவர்களுடைய முந்தைய பணிக்காலத்தை வெற்றிடமாக வைத்து, முதல் நாள் ஊழியராக எண்ணி யாரையும் மறுபடி தொடங்கச் சொல்லவில்லை.

இந்த எடுத்துக்காட்டுகள் எல்லாம் ஓர் உண்மையைச் சொல்கின்றன. தனியாரில் கழித்த ஆண்டுகளைச் சரிபார்க்க முடியாது, எண்ண முடியாது, அரசு ஊதிய அமைப்புக்குள் பொருத்த முடியாது என்ற வாதம் நிற்காது. ஆயிரக்கணக்கானோருக்கு ஒரே நேரத்தில் அதைச் செய்து காட்டியிருக்கிறார்கள். சங்கம் இருந்த இடத்தில், சட்டம் இயற்ற வேண்டிய கட்டாயம் இருந்த இடத்தில், எண்ணினார்கள். தனி ஆளாக வருபவருக்குச் சங்கமும் இல்லை, சட்டமும் இல்லை.

அனுபவம் கேட்கும் அறிவிக்கை

இதைவிடக் கூர்மையான முரண்பாடு, பணி அறிவிக்கைகளிலேயே இருக்கிறது. டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் மோட்டார் வாகன ஆய்வாளர் நிலை 2 தேர்வுக்கு, வாகனப் பணிமனையில் வேலை செய்த அனுபவம் கட்டாயத் தகுதியாகக் கேட்கப்பட்டிருக்கிறது. அந்த அனுபவத்தைப் பற்றி வழக்குகளே நடந்திருக்கின்றன. அதாவது, பணிமனை அனுபவம் இல்லாமல் அந்தப் பதவிக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. உள்ளே வந்த பிறகு அதே அனுபவத்துக்கு ஊதியத்தில் மதிப்பில்லை.

கல்லூரி ஆசிரியர் தேர்வை எடுத்துக்கொள்வோம். 2019இல் ஆசிரியர் தேர்வு வாரியம் அரசுக் கலைக் கல்லூரிகளில் 2,331 உதவிப் பேராசிரியர் இடங்களுக்கு அறிவிக்கை வெளியிட்டபோது, கற்பித்தல் அனுபவத்துக்கு 15 மதிப்பெண் ஒதுக்கியது. சுயநிதிக் கல்லூரி அனுபவத்துக்கும் அதில் இடம் இருந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2010, 2018 ஒழுங்குமுறைகள் ஒரு படி மேலே போகின்றன. முந்தைய பணிக்காலத்தைக் கணக்கிடும்போது, அது தனியார் நிறுவனமா, உள்ளாட்சி நிறுவனமா, அரசு நிறுவனமா என்று நிர்வாகத்தின் தன்மையை வைத்து வேறுபாடு காட்டக் கூடாது என்று அவை வெளிப்படையாகச் சொல்கின்றன. பதவி சமமானதாக இருக்க வேண்டும், தகுதி குறையக் கூடாது, நியமனம் முறையாக நடந்திருக்க வேண்டும் என்பவை நிபந்தனைகள். இந்திய அரசின் கையிலேயே, தனியார் அனுபவத்தை நிபந்தனைகளோடு எண்ணும் நல்ல வரைவு பதினைந்தாண்டுக்கு மேலாக இருக்கிறது. பேராசிரியருக்குப் பொருந்தும் நியாயம், பள்ளி ஆசிரியருக்கும் செவிலியருக்கும் தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியருக்கும் பொருந்தாது என்று சொல்ல என்ன காரணம் இருக்கிறது?

யாருக்கு எது தேவை

ஊதியப் பாதுகாப்பு என்றதும் எல்லோருக்கும் தோன்றுவது, தனியாரில் அதிகம் வாங்கியவர் அரசுக்கு வந்தால் அவர் சம்பளம் குறையக் கூடாது என்பதுதான். மென்பொருள் நிறுவனத்திலிருந்து வருபவருக்கு அது பொருந்தலாம். பெண்ணாடம், விருத்தாசலம், திட்டக்குடி போன்ற ஊர்களில் நிலைமை நேர்மாறானது. இங்கே தனியார் பள்ளியில் பத்தாண்டு பாடம் நடத்திய பி.எட். பட்டதாரிப் பெண் வாங்கும் சம்பளம், அரசுப் பள்ளிப் பட்டதாரி ஆசிரியரின் தொடக்க அடிப்படை ஊதியமான 36,400 ரூபாய்க்கு எட்டாத தூரத்தில் இருக்கும். சூளையில் வெப்பநிலை பார்த்து, கிளே கலவை பார்த்து, தரம் பிரித்த பீங்கான் பட்டயக்காரரின் நிலையும் பெரும்பாலும் அதுவே. இவர்களுடைய கடைசிச் சம்பளத்தை மட்டும் காப்பதாகச் சொன்னால், இவர்களுக்கு ஒரு பைசாவும் கூடுதலாகக் கிடைக்காது. காக்க வேண்டிய அளவுக்குச் சம்பளம் இருந்தால்தானே காப்பதற்கு!

எனவே, கடைசிச் சம்பளத்தைக் காப்பதும் அனுபவ ஆண்டுகளை எண்ணுவதும் இரு வேறு கொள்கைகள். முதலாவது, நகரத்து உயர் சம்பளக்காரரைக் காக்கும். இரண்டாவது, குறைந்த கூலிக்கு நிறைய உழைத்தவருக்கு ஈடு செய்யும். அமெரிக்காவின் அனுபவம் இதில் பாடம் சொல்கிறது. அங்கே ஒன்றிய அரசின் பொது ஊதிய அட்டவணையில் ஒவ்வொரு நிலைக்கும் பத்துப் படிகள் உண்டு. சிறப்புத் தகுதியோடு வெளியிலிருந்து வருபவரை முதல் படிக்கு மேலே அமர்த்தத் துறைகளுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் 2024 ஜனவரியில் வந்த விதி, ஊதியத்தை முடிவு செய்யும்போது விண்ணப்பதாரர் முன்பு வாங்கிய சம்பளத்தைப் பார்க்கக் கூடாது என்று தடுத்தது. பெண்களுக்கும் சிறுபான்மையினருக்கும் தனியாரில் இழைக்கப்பட்ட குறை ஊதியம் அரசிலும் தொடர்ந்துவிடக் கூடாது என்பதே காரணம். திறமையையும் அனுபவத்தையும் பார்க்கலாம். பழைய சம்பளச் சீட்டைப் பார்க்கக் கூடாது.

ஜெர்மனியின் பொதுப்பணி ஊதிய ஒப்பந்தம் இதை இன்னும் எளிமையாகச் சொல்கிறது. தொடர்புடைய தொழில் அனுபவம் ஓராண்டு இருந்தால் இரண்டாம் படி. மூன்றாண்டு இருந்தால் பொதுவாக மூன்றாம் படி. ஆள் தேவை அதிகமுள்ள இடங்களில் முந்தைய தொழிற்காலத்தை முழுமையாகவோ பகுதியாகவோ ஏற்கவும் இடம் தருகிறது. தனியார் அனுபவம் என்பதற்காக அது ஒதுக்கப்படுவதில்லை.

இதே முறை தமிழ்நாட்டில் வந்தால் எவ்வளவு செலவாகும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தொடர்புடைய அனுபவத்தில் நிறைவான ஒவ்வோர் இரண்டு ஆண்டுக்கும் ஓர் ஊதிய உயர்வு என்று வைப்போம். பத்தாண்டு அனுபவத்தோடு வரும் இளநிலை உதவியாளருக்கு ஐந்து உயர்வுகள். நிலை 8இல் 19,500, பிறகு 20,100, 20,700, 21,300, 21,900, 22,600. ஐந்து உயர்வுக்குப் பின் கூடும் அடிப்படை ஊதியம் 3,100 ரூபாய். 2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த 58 விழுக்காடு அகவிலைப்படியைச் சேர்த்தால் மாதம் 4,898 ரூபாய். அரசுக்கு இது தாங்க முடியாத சுமை ஆகாது. அந்தக் குடும்பத்துக்கோ இது வீட்டு வாடகை.

பி.எஃப்., பணிக்கொடை, ஓய்வூதியம்

ஊதியத்தைவிட அதிகம் பேர் சறுக்கும் இடம் இது. எங்கும் தெளிவான வழிகாட்டல் கிடைக்காததால், பணி ஆணை கிடைத்த மகிழ்ச்சியில் பலர் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்துவிட்டுப் போகிறார்கள். அதோடு ஓய்வூதிய உரிமையும் போய்விடுவது பின்னால்தான் தெரிகிறது.

1995ஆம் ஆண்டு ஊழியர் ஓய்வூதியத் திட்டத்தில், முதலாளி செலுத்தும் பங்கிலிருந்து ஊதியத்தின் 8.33 விழுக்காடு ஓய்வூதிய நிதிக்குப் போகிறது. 2014 செப்டம்பர் முதல் இதற்கான ஊதிய வரம்பு 15,000 ரூபாய். பத்தாண்டு பணிக்காலம் இருந்தால் மாத ஓய்வூதியத்துக்கு உரிமை உண்டு. ஆறு மாதமும் அதற்கு மேலும் உள்ள மீதிக்காலம் ஓர் ஆண்டாக எண்ணப்படும். எனவே ஒன்பதரை ஆண்டு முடித்தவர் பத்தாண்டுக்காரர் ஆகிறார். ஓய்வூதிய ஊதியத்தைப் பணிக்காலத்தால் பெருக்கி 70ஆல் வகுப்பது கணக்கு. 15,000 ரூபாய்க்குப் பத்தாண்டு என்றால் மாதம் சுமார் 2,143 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் உழைத்துச் சேர்த்த உரிமை அது. பத்தாண்டுக்குக் குறைவாக இருந்தால் திரட்டை எடுத்துக்கொள்ளலாம். அல்லது திட்டச் சான்றிதழ் வாங்கி, அந்தக் காலத்தைக் காத்து வைத்துக்கொள்ளலாம். பின்னாளில் பி.எஃப். உள்ள வேலைக்குத் திரும்ப நேர்ந்தால் அது கைகொடுக்கும்.

பணிக்கொடைக்குப் பொதுவாக ஐந்தாண்டுத் தொடர் பணி வேண்டும். ஐந்தாம் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தாலே ஐந்தாண்டு நிறைவுதான் என்று மேட்டூர் பியர்ட்செல் வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. நான்காண்டு ஒன்பது மாதத்தில் அரசுப் பணி கிடைத்துப் போகிறவர் அதைக் கேட்டுப் பார்க்காமல் விட்டுவிடக் கூடாது.

புதிய பணியில் சேர்ந்த பிறகு பழைய பி.எஃப். கணக்கும் புதிய ஓய்வூதியக் கணக்கும் ஒன்றோடொன்று பேசுவதில்லை. 2017இல் ஓய்வூதிய நிதி ஒழுங்குமுறை ஆணையம், பி.எஃப். திரட்டைத் தேசிய ஓய்வூதியத் திட்டக் கணக்குக்கு மாற்ற வழி செய்தது. ஒன்றிய அரசில் சேர்பவருக்கு இது பயன்படும். தமிழ்நாடு 2003 ஏப்ரல் 1 முதல் கொண்டுவந்த பங்களிப்பு ஓய்வூதியத் திட்டம் அந்த ஆணையத்தின் கீழ் வரவில்லை. அதனால் அந்த வழி இங்கே அடைபட்டது. மாநில அரசில் சேர்பவரின் தனியார் சேமிப்பு தனித்தீவாக நின்றுவிடுகிறது.

பணியில் சேரும் கால அவகாசமும் ஒரு சிக்கல். பல தனியார் நிறுவனங்கள் இரண்டு மாதம், மூன்று மாதம் முன்னறிவிப்பு கேட்கின்றன. அதற்குள் விலகினால் அத்தனை மாதச் சம்பளத்தைக் கட்டச் சொல்கின்றன. அரசின் நியமன ஆணை தரும் அவகாசம் அதைவிடக் குறைவு. இடையில் மாட்டிக்கொள்பவர் கையிலிருந்து பணம் கட்டிவிட்டு வருகிறார். அரசு ஊழியருக்கு உள்ள பிடிப்புரிமையும் இவருக்கு இல்லை. தகுதிகாண் பருவத்தில் ஏதேனும் நேர்ந்தால் திரும்பிப் போக இடமில்லை.

மறுப்புகளும் விடைகளும்

போலி அனுபவச் சான்றுகள் பெருகிவிடும் என்பது முதல் மறுப்பு. நியாயமான அச்சம். ஆனால் இப்போது ஒவ்வொரு பி.எஃப். உறுப்பினருக்கும் நிலையான பொதுக் கணக்கு எண் இருக்கிறது. எந்த மாதம் எந்த நிறுவனத்தில் எவ்வளவு ஊதியத்துக்குப் பிடித்தம் நடந்தது என்பது அரசின் கணினியிலேயே பதிவாகியிருக்கிறது. நிறுவனத் தலைப்புத்தாளில் அடித்துக் கொடுக்கும் சான்றைவிட அது நம்பகமானது. இதிலும் ஓர் இடைவெளி உண்டு. பி.எஃப். சட்டம் பொதுவாக இருபது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடங்களுக்குத்தான் பொருந்தும். விருத்தாசலத்தில் பொம்மையும் அகல் விளக்கும் செய்யும் சிறு பீங்கான் கூடங்கள் பல அந்த எண்ணிக்கைக்குள் வராது. அங்கே உழைத்தவருக்கு இ.எஸ்.ஐ. பதிவு, வங்கி வழிச் சம்பள வரவு, தொழிலாளர் துறைச் சரிபார்ப்பு ஆகியவற்றையும் சான்றாக ஏற்க வேண்டும். இல்லையென்றால் இந்தச் சீர்திருத்தமும் பெரிய ஆலைக்காரர்களோடு நின்றுவிடும்.

இரண்டாவது மறுப்பு, மூத்தவர் இளையவர் ஊதிய முரண்பாடு. ஒரே பட்டியலில் முன்னால் வந்தவருக்கு 19,500 இருக்கும்போது பின்னால் வந்தவருக்கு 22,600 கொடுக்கலாமா? ஊதிய முரண்பாடு எவ்வளவு ஆறாத புண் என்பதைத் தமிழ்நாடு அறியும். 2009 ஜூன் 1க்குப் பின் சேர்ந்த இடைநிலை ஆசிரியர்கள் சம வேலைக்குச் சம ஊதியம் கேட்டு இத்தனை ஆண்டாகப் போராடி வருகிறார்கள். ஆனால் அந்த வேறுபாடு, பணியில் சேர்ந்த தேதியை மட்டும் வைத்து உண்டாக்கப்பட்டது. சரிபார்க்கப்பட்ட அனுபவத்துக்குத் தரும் உயர்வு அப்படிப்பட்டதன்று. பணிமூப்பும் பதவி உயர்வு வரிசையும் தேர்வுத் தரவரிசைப்படியே இருக்கும் என்று விதியில் எழுதிவிட்டால், யாருடைய உரிமையும் குறையாது. முன்னாள் படைவீரர்கள் குடிமைப் பணிக்கு வரும்போது அவர்களுக்கெனத் தனி ஊதிய நிர்ணய விதிகள் இருப்பதை ஏற்கெனவே எல்லோரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம்.

மூன்றாவது, எந்த அனுபவம் தொடர்புடையது என்ற கேள்வி. ஆசிரியர் பணிக்கு ஆசிரியர் அனுபவம், செவிலியர் பணிக்கு மருத்துவமனை அனுபவம், பொறியாளர் பணிக்குத் தொழிற்சாலை அனுபவம் ஆகியவற்றில் குழப்பமில்லை. இளநிலை உதவியாளருக்குக் கணக்கு, அலுவலகம், தட்டச்சு, கணினி சார்ந்த அனுபவத்தை முழுதாகவும் பிறவற்றைப் பாதியாகவும் எண்ணலாம். பதவி வாரியாக அட்டவணை போடுவது நிதித்துறைக்குப் புதிய வேலை இல்லை.

நான்காவது, அரசுப் பணியின் பாதுகாப்பே போதுமான பரிசு என்ற வாதம். பணிப் பாதுகாப்பு, சேரும் அனைவருக்கும் பொதுவானது. அது அனுபவசாலிக்குத் தனியாகக் கிடைப்பதன்று. அதைக் காட்டி அனுபவத்தின் மதிப்பைக் கழிப்பது சரியான கணக்கு ஆகாது.

செய்ய வேண்டியவை

தமிழ்நாடு அரசு உடனடியாகச் செய்யக்கூடியவை ஐந்து. தொடர்புடைய தனியார் அனுபவத்தில் இரண்டு ஆண்டுக்கு ஓர் ஊதிய உயர்வு, அதிகபட்சம் ஐந்து என்ற விதியைத் திருத்திய ஊதிய விதிகளில் சேர்க்க வேண்டும். அனுபவத்தைத் தகுதியாகக் கேட்கும் பதவிகளிலிருந்து அதைத் தொடங்கலாம். பி.எஃப்., இ.எஸ்.ஐ., வங்கிப் பதிவுகளைச் சான்றாக ஏற்க வேண்டும். நியமன ஆணையில் தொண்ணூறு நாள் அவகாசம் தர வேண்டும். ஒவ்வொரு தேர்வு அறிவிக்கையிலும், வெளியிலிருந்து வருபவரின் ஊதியம் எப்படி நிர்ணயிக்கப்படும் என்பதைத் தமிழில் தெளிவாக அச்சிட வேண்டும். பி.எஃப். திரட்டையும் ஓய்வூதியக் காலத்தையும் என்ன செய்வது என்பதற்கான வழிகாட்டிக் குறிப்பை நியமன ஆணையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும்.

ஒன்றிய அரசு, நீதிபதி ரஞ்சனா பிரகாஷ் தேசாய் தலைமையில் எட்டாவது ஊதியக் குழுவை அமைத்திருக்கிறது. ஒன்றிய ஊதியக் குழுவின் பரிந்துரைகளைத் தமிழ்நாடும் பெரும்பாலும் பின்பற்றி வந்திருக்கிறது. 1989ஆம் ஆண்டுக் குறிப்பாணையில் பொதுத்துறைக்கும் தனியாருக்கும் இடையே போட்ட கோட்டை அழிக்கவும், நேர்காணலில் வந்தவர் தேர்வில் வந்தவர் என்ற பாகுபாட்டை நீக்கவும் இதைவிட நல்ல வேளை வராது. ஊழியர் சங்கங்கள் தங்கள் கோரிக்கைப் பட்டியலில் இதைச் சேர்க்க வேண்டும். இதுவரை சேர்க்காததற்குக் காரணம் புரிகிறது: சங்கத்தில் இருப்பவர்கள் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள், பாதிக்கப்படுபவர்கள் இனிமேல்தான் உள்ளே வரப் போகிறவர்கள். அதனாலேயே அவர்களுக்காகப் பேசுவது சங்கங்களின் கடமை ஆகிறது.

இப்போது தேர்வுக்குப் படித்துக்கொண்டே வேலை பார்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் நிறுவனம் பி.எஃப். கட்டுகிறதா என்று மாதந்தோறும் பாருங்கள். நியமன ஆணை, சம்பளச் சீட்டு, விடுவிப்பு ஆணை ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். விலகும்போது ஓய்வூதியத் திரட்டை அவசரப்பட்டு எடுக்காதீர்கள்; திட்டச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். விதி இன்று உங்கள் உழைப்பை எண்ணாமல் இருக்கலாம். நாளை அது எண்ணத் தொடங்கும்போது, எண்ணுவதற்கான சான்று உங்கள் கையில் இருக்க வேண்டும்.